மூன்றாவது சுழி

தமிழ்ப்ரியாவுக்குத் தமிழ் பேச வரும். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த குடும்பம். பள்ளியில் படித்தது கன்னடம். இப்போது குவெம்புநகரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் டிசைனர்.

தூரிகையை மையில் தோய்த்து விளையாட்டாக இழுத்ததுபோல ஒரு தமிழ் எழுத்துரு செய்ய ஆசைப்பட்டாள். ‘ண’ மட்டும் படுத்தியது. தடித்த தூரிகையில் மூன்று சுழிகளும் ஒட்டிக்கொண்டு மைத்திட்டாகின. ஒன்றைக் குறைத்தாள். ‘ன’வோடு குழம்பாதிருக்க வாலை நீட்டினாள். அதுவே போதும் என்று நினைத்தாள். ‘தூறல்’ என்று பெயரிட்டு இணையத்தில் இலவசமாக விட்டாள். பலரும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா ரத்தினசாமி பார்க்கிறவர்களிடமெல்லாம் செல்போனில் காட்டினார்.

அண்ணன் மனோஜ்குமாருக்குக் கல்யாணம் வந்தது. பெண் சத்தியமங்கலத்துக் கண்மணி. மண்டப வாசலுக்கு ஆளுயரப் பேனரைத் தமிழ்ப்ரியாவே தன் எழுத்தில் செய்தாள்.

பெண்ணின் அப்பா சுப்பையா வேனிலிருந்து இறங்கியதும் அதன் முன் நின்றுவிட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, பொண்ணு பேரு கன்மனின்னு இருக்குதுங்களே. மூணு சுழியைக் காணோம்?”

“அது டிசைனுங்க,” என்றார் ரத்தினசாமி. “எம் பொண்ணு வரைஞ்ச எழுத்து. தமிழ்நாட்டுலயே இதைத்தான் போடறாங்க.”

சுப்பையா மரியாதையாகத் தலையாட்டினார். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், “தமிழ்ப்ரியான்னு பேரை வெச்சுக்கிட்டு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது. தமிழ்ப்ரியாவுக்குக் காது மடல் சுட்டது.

மணப்பெண் அறைக்குப் போனாள். “மன்னிச்சிடுங்க அண்ணி. எனக்கு நெஜமாத் தெரியலை.”

“விடு ப்ரியா. பேனர் தெரியாம போட்டோ எடுக்கச் சொல்லிடறேன்,” என்றாள் கண்மணி.

அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை. முகூர்த்தம் முடிந்து வாசலில் படம் எடுத்தபோது எல்லோரும் வாழைமரத்தோரம் நெருக்கியடித்து நின்றார்கள். ஏன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

பந்தியில் அப்பாவிடம் கேட்டாள். “முன்னாடியே பாத்தீங்களே, ஏம்ப்பா சொல்லலை?”

“எனக்கெங்கம்மா தெரியும்? நான் படிச்சதும் கன்னடம்தானே. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.”

இலையைப் பார்த்தபடியே சொன்னார். இவரைப் போய் ஊர் முன்னால் வாதாட வைத்துவிட்டோமே என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் மூன்றாவது சுழியை வரைந்து சேர்த்தாள். எல்லா எழுத்தையும் அச்செடுத்துக் கண்மணியிடம் கொடுத்தாள். அவள் நிதானமாகப் பார்த்து ‘ழ’வில் விரல் வைத்தாள். “இதோட கொக்கி எதிர்ப்பக்கம் போகுது ப்ரியா.” அதையும் திருத்திய பிறகே புதியது வெளியானது.

பழையதை இறக்கிக்கொண்டவர்களை என்ன செய்ய முடியும்? சத்தியமங்கலம் போனபோது ஒரு பேக்கரிப் பலகையில் ‘மனி’ என்றிருந்தது. காரை நிறுத்தச் சொல்லி உள்ளே போனாள்.

“அந்த எழுத்தை வரைஞ்சது நான்தாங்க. தப்பா வரைஞ்சுட்டேன். நானே வேற போர்டு செஞ்சு தரேன்.”

கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். “எதுக்குங்க? எல்லாரும் மணி பேக்கரின்னுதானே கூப்படறாங்க. நல்லாத்தானுங்க இருக்குது.”

அவள் எவ்வளவு சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பன் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.