குடிமுறைப்படி எல்லே ஆடின வருசம்

கிரான் ஊர் நல்லரத்தினத்தார் தன் ஆயுளில் எல்லே விளையாட்டுத் தடியைக் கையால் தொட்டவர் இல்லை. வட்டையில் நெல் விதைக்கிற மனிசன். அதோடு பிள்ளையார் கோயில் வண்ணக்கர். கோயிலை நடத்துகிற பொறுப்பு முழுக்க அவர் தலையில். ஊரில் ஏழு குடி. குடி என்றால் தாய்வழியில் வருகிற சொந்தம். ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா, இன்ன குடிக்குப் பிறகு இன்ன குடி என்று முறை இருக்கிறது. அதில் கொஞ்சம் பிசகினாலும் மண்டை உடையும். இவர் வண்ணக்கராக வந்த பிறகு ஒரு மண்டையும் உடையவில்லை. அப்படிப்பட்ட மனிசனைத்தான் தொண்ணூற்றேழாம் ஆண்டு எல்லேக் கழகத்துக்கு மனேச்சர் ஆக்கினார்கள்.

முந்தின மனேச்சர் அலோசியஸ். வெள்ளைக்கார வழி வந்த புளியந்தீவுப் பறங்கியர், ஊர் நெல் மில்லில் மெசின் பார்த்தவர். அவருக்கு ஊரில் குடியும் இல்லை, கூட்டமும் இல்லை. யாரைப் போட்டாலும் யாரைத் தூக்கினாலும் அவரைக் குறை சொல்ல ஒரு வழியும் கிடையாது. அவர் காலத்தில் கழகம் கோப்பைகளாய் அள்ளியது. அவர் கட்டாருக்குப் போனதுதான் தாமதம், யார் ஆடுவது யார் வெளியில் நிற்பது என்று அடிபிடி தொடங்கியது. கழகக் கூட்டத்தில் ஒருவனுடைய சேர்ட்டு இரண்டாய்க் கிழிந்தது.

"வண்ணக்கரக் கூப்பிடுங்கடா. சண்டை தீர்க்க அவர விட்டா ஆள் இல்ல" என்றார்கள். அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எல்லே பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துப்போட்டு, நாலு கம்பத்தையும் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடுகிற வழியில் எதிராளி எறிகிற பந்து உடம்பில் பட்டால் அவுட். அடிக்கிறவனுக்கு மூன்று பந்துதான். குறித்த நேரத்துக்குள் எந்தக் கட்சி கூடச் சுற்று எடுக்கிறதோ அதுதான் வெற்றி. அந்தப் பந்தைப் போட்டுக் கொடுக்கிறவன் எதிராளி இல்லை, சொந்தக் கட்சிக்காரன். அடிக்கிறவனுக்கு எது வாய்க்குமோ அதைப் பார்த்துப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. அவன் பிசகினால் கட்சியே பிசகும்.

நல்லரத்தினத்தார் கோயில் மண்டபத்தில் இருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கோயிலில் எப்படியோ கழகத்திலும் அப்படி. ஒவ்வொரு குடியிலும் இரண்டு பேர். முதலாம் திருவிழாக் குடிக்காரர் முதலில் அடிக்கிறது, கடைசித் திருவிழாக் குடிக்காரர் கடைசியில். பந்து போடுகிற பெரிய வேலை வண்ணக்கர் குடிக்கு. அதாவது அவருடைய தங்கச்சி சீதேவிப்பிள்ளையின் மகன் வினாயகமூர்த்திக்கு. வண்ணக்கர் வேலையே அவருக்குப் பிறகு அந்த மருமகனுக்குத்தானே போகவேண்டும்.

அதுவரை பந்து போட்டது தங்கராசா. வாகரைப் பக்கம் ஊர் எரிந்தபோது பெண்சாதி பிள்ளையோடு ஓடி வந்து, வாவியில் வலை வீசிப் பிழைத்தவன். வாய் கெட்ட வாய்.

"அப்ப நான் எதுக்குள்ள வாறன் வண்ணக்கர்?" என்று கேட்டான்.

"ஒன்ட குடிக்கு இந்தக் கோயில்ல பங்கில்லியே மனே. நான் என்ன செய்ய?"

"நான் என்ன தீர்த்தத்துக்கா வந்தன்? பந்து போடத்தானே வந்தன்."

சொல்லிவிட்டுத் தன் தடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒருவரும் அவனை மறிக்கவில்லை. எல்லாக் குடிக்கும் அவரவர் பங்கு கிடைத்துவிட்டது, பிறகென்ன.

சித்திரை வருசத்துப் போட்டியில் எட்டு ஊர்க் கழகங்கள் ஒன்றோடு ஒன்று மோதும். கடைசியாக வருகிற கழகத்தை அடுத்த முறை சேர்க்கமாட்டார்கள். கிரான் கழகத்துக்கு அது பெரிய விசயம். பள்ளிக்கூட மைதானம் ஆமிக் காம்ப் வேலிக்குள் போய்விட்டிருந்தது. போட்டியில் இருக்கிற கழகத்துக்கு மட்டும் பின்னேரத்தில் கேற்றைத் திறப்போம் என்பது காம்ப் பெரியவரின் பேச்சு. கழகம் விழுந்தால் கேற்றும் பூட்டு. அந்த நாளில் பொழுதுபட சந்தியில் நிற்கிற இளந்தாரியை ஆமியும் பிடிக்கும், ஆள் சேர்க்கிற இயக்கமும் பிடிக்கும். பொடியன் மைதானத்துக்குள் நிற்கிறான் என்றால்தான் தாய்க்காரி நிம்மதியாய் உலை வைப்பாள்.

முதல் மட்ச்சில் தோற்றார்கள். தொடக்கம்தானே என்றார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்றார்கள். இளையதம்பி என்று ஒரு அடிகாரன் இருந்தான், அடித்தால் பந்து பனைக்கு மேலால் போகும். அவன் கடைசித் திருவிழாக் குடி. அவன் முறை வருகிறபோது நேரம் முடிந்திருக்கும். வினாயகமூர்த்திக்குக் கை இரும்பு. அவன் போடுகிற பந்து கல்லெறி மாதிரி வரும். அடிக்கிறவன் தடியை ஓங்குமுன் பந்து முகத்தில் நிற்கும்.

"மச்சான், பந்து போடுறியா, மாங்காய்க்கு எறியிறியா?" என்று கத்துவான் இளையதம்பி.

ஆனால் ஒரு சண்டை கிடையாது. எல்லாரும் முறைப்படி போய், முறைப்படி அவுட்டாகி, முறைப்படி வந்து இருந்தார்கள். அப்படியே ஆறு மட்ச்சும் போனது. மிச்சம் குருக்கள்மடத்தோடு ஒன்று. அவர்களும் ஒன்றும் வெல்லாத ஆட்கள். தோற்கிறவன் வெளியே.

அன்றைக்குச் சோறு தின்கிறபோது பெண்சாதி அன்னப்பூரணி கேட்டாள்: "சாமி தூக்கக்குள்ள நீங்க குடி பாக்கிறீங்களா, தோள் பாக்கிறீங்களா?"

"அதெப்படி, தோள்தான். கீழ விழுத்தினா ஆர் பதில் சொல்ற?"

"திருவிழா அவங்கட நாளெண்டாலும்?"

"நாள் அவங்கட. தூக்கிறவன் நல்ல தோள்காரனா இரிக்கோணும்."

"பின்னென்ன" என்று சொல்லிவிட்டு அவள் மீன் சட்டியை மூடினாள்.

"பொம்புளைக்கு எல்லே என்ன தெரியும்" என்று அவர் ஏசினார். ஏசினாரே தவிர, கை கழுவுகிறபோது அவள் சொன்னது விளங்கியது. கோயில் முறையைக் கொண்டுவந்ததாக நினைத்தார், பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனார். தங்கராசா தோணியில் இருந்து வலையில் சிக்கின பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டும் எழும்பவில்லை.

"என்ன வண்ணக்கர், மீனுக்கா? இஞ்ச மீனெல்லாம் குடிமுறையிலதான் படுது. உங்கட குடிக்கு இண்டைக்கு இல்ல."

"நக்கலடிக்காத தங்கராசா. நான் பிழை விட்டுட்டன். வந்து பந்து போடு."

"எந்தக் குடியில?"

"ஒரு குடியிலயும் இல்ல. ஒன்ட கையிருக்கு, அது காணும்."

தங்கராசா பாசியை எறிந்துவிட்டுக் கையைக் கழுவினான். "வாறன். ஆனா ஆர் முதல் அடிக்கிறது, ஆர் மறுகா அடிக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன். ஏழு குடியும் வந்து உங்கட வீட்டு முத்தத்தில நிண்டு கத்தினாலும், நீங்க அதில தலை வைக்கப்படாது."

வண்ணக்கருக்கு அது கசப்பு மருந்துதான். "ஓம்" என்றார்.

அதைவிடக் கசப்பு தங்கச்சி வீடு. சீதேவிப்பிள்ளை உரலில் மா இடித்துக்கொண்டிருந்தவள், விசயத்தைக் கேட்டதும் உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"என்ட புள்ளைட கையில இரிந்து வாங்கி, வந்தேறு குடிக்குக் குடுக்கியா அண்ணே? நாளைக்குக் கோயிலையும் குடுப்பியா?"

"கோயில் வேற, இது வேற. தோத்தாக் கேற்றப் பூட்டிப்போடுவான். ஒன்ட மகன் பின்னேரத்தில எங்க போய் நிப்பான், சொல்லு பாப்பம்."

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. "இனி என்ட வாசலுக்கு வராத" என்றாள். வினாயகமூர்த்தி உள்ளே இருந்து எல்லாம் கேட்டான். வெளியில் வந்து, மாமாவின் முகத்தைப் பாராமல், சப்பாத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மட்ச் புளியந்தீவில். வழியில் சென்றிப் பொயின்ற்றில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி, மூங்கில் தடிகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆமிக்காரன் ஒரு தடியை எடுத்து இரண்டு தரம் வீசியும் பார்த்தான். "இந்தத் தடி நல்லம்" என்று தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது குருக்கள்மடத்தார் அலுத்துப்போய்ப் புல்லில் படுத்திருந்தார்கள். அவர்களும் இரண்டு சென்றி தாண்டி வந்தவர்கள்தான்.

தங்கராசா இளையதம்பியை முதலில் இறக்கினான். முதலாம் திருவிழாக் குடிப் பொடியன்கள் வண்ணக்கரைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். தங்கராசா மெதுவாய்த் தூக்கி ஒரு பந்து போட்டான். இளையதம்பி அடித்த அடி மைதானத்து மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. அதுக்குப் பிறகு ஒருவரும் வண்ணக்கரைப் பார்க்கவில்லை. கிரான் நாலு சுற்று எடுத்தது.

குருக்கள்மடத்தாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்று எடுத்துவிட்டார்கள். கடைசி நிமிசத்தில் ஒரு நெட்டையன் அடித்துவிட்டு ஓடினான். மூன்று கம்பமும் தாண்டிவிட்டான். பந்து கிடந்தது தூரத்து மூலையில், வினாயகமூர்த்தியின் காலடியில். அவன் குனிந்து எடுத்து எறிந்தான். மாமாவோடு இருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் எறிந்தான் போல. நெட்டையனுக்கு நடு முதுகில் பட்டது. அவன் "ஆய்!" என்று கத்தினது புளியந்தீவுக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

"டேய், இவன இவ்வளவு நாளும் கிட்ட வெச்சா வீணாக்கினீங்க!" என்று தங்கராசா சிரித்தான்.

ஏழு மட்ச்சில் ஒன்றுதான் வெற்றி. கோப்பை இல்லை, மாலை இல்லை. ஊரில் வெடி கொளுத்த எவரும் நினைக்கவில்லை. கோப்பை எடுத்துப் பழகின கழகத்துக்கு அது வெட்கக்கேடான வருசம்தான். பெட்டிக்கடையில் ஆட்கள் வண்ணக்கரை இருத்திவைத்துக்கொண்டே அவரைக் குறை பேசினார்கள். அவர் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பி வருவார்.

கூட்டத்தில் மனேச்சர் வேலையைத் தங்கராசாவுக்குக் கொடுங்கள் என்று அவரே சொன்னார். கொடுத்தார்கள். ஆனால் காம்புக்குப் போய்க் கதைக்கிற வேலையை மட்டும் அவரிடம் விட்டார்கள். வாகரை இயக்கம் நிற்கிற பக்கம். அந்த விலாசம் அடையாள அட்டையில் இருக்கிறவனைக் காம்ப் வாசலுக்கு அனுப்ப முடியாது.

காம்ப் பெரியவர் கேட்டார், "எத்தனை வின்?"

"ஒண்டு, சேர்."

"ஒண்டா?" அவர் சிரித்துவிட்டுக் கேற்றைக் காட்டினார். கடைசி ஆகாவிட்டால் சரி, ஏழாவதும் போட்டிக்குள்தான்.

சீதேவிப்பிள்ளை அந்த வருசத் திருவிழா முடியும் வரை அண்ணனோடு பேசவில்லை. மகனும் பேசவில்லை. ஆனால் பின்னேரம் ஆனதும் மற்றப் பொடியன்களோடு மைதானத்துக்கு வருவான். நல்லரத்தினத்தார் கேற்றடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குந்திக்கொண்டிருப்பார். பொழுதுபட்டதும் உள்ளே போன தலைகளை எண்ணி எண்ணி வெளியே எடுப்பார். கடைசித் தலை பெரும்பாலும் வினாயகமூர்த்தியுடையதாக இருக்கும். அது வந்த பிறகுதான் சைக்கிளை எடுப்பார்.