நாலேகால் மணி வெந்நீர்

அக்காவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பகலில் அவ்வளவாகத் தெரியாது. விடிகாலையில் இரண்டு கையும் மூடினது மூடினபடி இருக்கும். காஸ் லைட்டரை அழுத்த முடியாது, தண்ணீர்க் குண்டானைத் தூக்க முடியாது. வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக இளகிக் கொடுக்கும். அதற்குப் பிறகு வேலையில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறாள். ஐந்தரைக்குள் அடுப்பு பற்றியாக வேண்டும். மாமா ஒரு குடோனில் இரவுக் காவல். அவர் வீடு திரும்ப ஏழு மணியாகும். நாலேகாலுக்கு அக்கா எழுந்திருக்கும்போது உதவிக்கு ஆள் கிடையாது.

நான் திண்டிவனத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலைக்கு இருந்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டதிலிருந்து இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் ஓர் ஊரில் இருந்ததில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் சித்தாள் வேலை, புனேயில் ஓட்டல் பாத்திரம், கொச்சியில் ஒரு வயரிங்காரரோடு சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கிற வேலை. கடைசி வேலை மட்டும் கையில் நின்றது. படித்து வந்த வித்தையில்லை, ஷாக் அடித்து வந்தது.

கடைக்கு ஒரு பழைய கீசர் வந்தது. கேட்டு வாங்கி, அக்கா வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன். இரவு முழுக்க ஓடவிடுகிற அளவுக்கு அந்தப் பழசை நான் நம்பவில்லை. சுவிட்ச் போடுவதற்காக அக்காவை இன்னும் அரை மணி முன்னால் எழுப்பவும் மனசில்லை. அதனால் ஒரு டைமர். வெள்ளைப் பெட்டி, நடுவே இருபத்துநாலு மணி நேரமும் சுற்றுகிற வட்டத் தட்டு. பிளக்கில் அதைச் செருகி, அதில் கீசரைச் செருக வேண்டும். மூன்றே முக்காலுக்குப் போட்டு நாலேகாலுக்கு நிறுத்தும்படி வைத்தேன்.

"அதுவா ஆன் ஆவும், அதுவா ஆஃப் ஆவும். நீ ஒண்ணும் பண்ண வேணாங்க்கா" என்றேன்.

இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் தண்ணீர் சில்லென்று வந்தது என்று போன் செய்தாள். அந்தச் சுவரில் இருந்த சுவிட்ச் லூசானது. சில சமயம் பாதியில் நின்றுகொள்ளும். அதுதான் காரணமென்று எனக்கு அப்போதே பட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஹாரனுக்கும் நடுவில் நின்று கத்திச் சொன்னேன்.

"படுக்கறப்ப அந்த சுவிட்ச ஒரு தரம் நல்லா அமுத்திட்டு படு."

"சரிடா."

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நாலேகாலுக்கு வெந்நீர் வரவில்லை. மணிக்கட்டால் லைட்டரை அமுக்கி, ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் சுடவைத்து, அதில் கையை நனைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆறேகாலுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, உப்புமா இறங்கவில்லை. சமையலுக்கு ஆள் வைக்கிற மகளிர் குழுத் தலைவி கோபப்படவில்லையாம். "முடியலன்னா சொல்லிடுக்கா, வேற ஆளப் போட்டுக்கறேன். கொழந்தைங்க பசியில நிக்குதுங்க" என்று மட்டும் சொன்னாளாம். போனில் அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அந்த வேலையில்தான் அந்த வீடு நிமிர்ந்து நின்றது.

மறுநாளே போனேன். வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார்.

"வா மச்சான். உன் பொட்டி உன்னாட்டமே இருக்குது."

"இன்னா மாமா பண்ணுது?"

"எப்ப வரும் எப்ப போவும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு நாளு பகல் பன்னெண்டு மணிக்கு சுடுதண்ணி கொட்டுது. ஒரு நாளு சாயங்காலம் கீசர் லைட்டு எரியுது. ஒரே பேஜாரு."

தட்டைப் பார்த்தேன். மணிக்கணக்கில் பின்தங்கி இருந்தது. உள்ளே இருக்கிற மோட்டார் நின்று நின்று ஓடுகிறது என்று முடிவு செய்து, பையில் கொண்டுபோயிருந்த புது டைமரை மாட்டி, மணியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"வரலடா" என்றாள்.

அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. முறையாகப் படித்த எவனையாவது அனுப்பியிருந்தால் அவள் இந்தப் பாடுபட்டிருக்க மாட்டாளே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கேயும் ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது நான் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. இதிலிருந்து அப்படிக் கிளம்ப முடியாது.

மூன்றாம் முறை லீவு சொல்லிவிட்டுப் போனேன். காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெயின் போர்டிலிருந்து வருகிற வயரை இழுத்துப் பார்த்தேன். கரண்ட் சரியாக வந்தது. பிளக்கைக் கழற்றிச் சுரண்டி முறுக்கினேன். லூஸ் சுவிட்சைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன். மறுபடி பின்தங்கியிருந்த தட்டைத் திருப்பிச் சரியான மணிக்கு வைத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அது ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை.

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் ஒக்காந்துகினு இருக்கறியே" என்று மாமா டியூட்டிக்குக் கிளம்பினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பகலில் ஒழுங்காக ஓடுகிற பெட்டி ராத்திரியில் ஏன் நிற்கிறது? எட்டு மணிக்கு அக்கா படுக்கப் போனாள். போகிற வழியில் பாத்ரூம் பக்கம் வந்து, முழங்கையால் சுவிட்சை இடித்தாள். டக். தட்டு நின்றது.

"க்கா, இன்னாத்துக்கு அத ஆஃப் பண்ற?"

"நீதான சொன்ன."

"நானா?"

"படுக்கறப்ப அமத்திட்டு படுன்னு போன்ல சொன்னல்ல. ஒரு நாள்கூட மறக்காம பண்ணிகினு வர்றேன். காலையில எழுந்து போடுவேன், அப்பவும் பச்சத்தண்ணிதான் வருது."

அடுப்பை அமத்து, விளக்கை அமத்து என்றால் எங்கள் பக்கம் அணைப்பது. அழுத்துவதற்கு எங்கள் வீட்டில் அமுக்கு என்போம். அமுத்து என்கிற சொல் நான் ஊர் ஊராகச் சுற்றியதில் எங்கேயோ வாயில் ஒட்டிக்கொண்டது. நான் அமுத்து என்றேன், பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அவளுக்கு அமத்து என்று கேட்டிருக்கிறது. கரண்ட் இல்லாமல் தட்டு சுற்றாது. இரவில் எட்டு மணி நேரம் அது நின்று கிடக்க, அந்த எட்டு மணி நேரமும் மறுநாள் கணக்கில் பின்னால் போயிருக்கிறது.

"சுவிட்சு அமத்தி இருந்தா அது எப்பிடிக்கா ஓடும்?"

"நீதான அதுவா ஆன் ஆவும்னு சொன்ன. போன ஆஃப் பண்ணி வெச்சாகூட அலாரம் அடிக்குமே, அந்த மாதிரின்னு நெனச்சேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளிடம் முன்பு இருந்த பட்டன் போன் அப்படித்தான் அடிக்கும். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் முதலில் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். டைமரில் கோளாறு இல்லை, வயரில் இல்லை, என் கைவேலையிலும் இல்லை. பல நாள் தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டு, அதன் மேலே சிவப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன்.

"இனிமே இத யாரும் தொடக்கூடாது. மாமாவும்தான்."

அன்று அங்கேயே படுத்தேன். நாலேகாலுக்குக் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அக்கா பக்கெட் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ஆவி. கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள், நான் வந்ததை உணர்ந்து, "இன்னிக்கு கிச்சடிடா. வெங்காயமே ஒரு கூடை அரியணும்" என்று சலித்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வேலையைப் பற்றிச் சலித்துக்கொண்டது காதுக்கு நன்றாக இருந்தது. ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு நான் திண்டிவனம் பஸ்ஸில் இருந்தேன். போன் செய்தாள்.

"அஞ்சரைக்கெல்லாம் தலைவி வந்து நிக்கறாங்கடா. நான் வர்றேனா இல்லையான்னு பாக்கத்தான்."

"இன்னா சொன்னாங்க?"

"அதுக்குள்ள நான் பாதி வெங்காயம் அரிஞ்சிட்டேன். கொஞ்ச நேரம் பாத்துகினே நின்னாங்க. அப்பறம் அவங்களும் ஒரு கத்திய எடுத்துகினு பக்கத்துல ஒக்காந்துட்டாங்க."

சரிக்கா, வை என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன். திண்டிவனம் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பினார்.