சிலுவைகள் பத்திரமாக இருக்கின்றன

அந்தக் கல்லூரியின் கார் நிறுத்துமிடத்துச் சுவரில் பதினான்கு மரச்சிலுவைகள் வரிசையாக மாட்டியிருக்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் கார்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு, ஒவ்வொரு சிலுவையின் முன்னாலும் நின்று ஜெபம் சொல்வார்கள். ஏசுநாதர் சிலுவை சுமந்து நடந்த பாதையை நினைத்து நடப்பது அது. அந்தச் சிலுவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் ஒரு மரம் இருந்தது. மரங்களைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

எண்பதுகளின் கடைசியில், எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனின் மலையோரத்தில் இருந்த அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியில் உயிரியல் நடத்தினேன். வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்த கல்லூரி. பட்டப்படிப்பின் முதல் பாதியை இங்கே படித்துவிட்டு, மீதியை அங்கே போய் முடிக்கலாம். அதனால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். நான் துறைமுகத்தில் கணக்கெழுதிய கிராணி ஒருவரின் மகள், திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்குப் போகிறவள். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

கல்லூரித் தலைவர் ஒரு பாதிரியார், பாகான் டாலாமில் வளர்ந்த தமிழர். எல்லோருக்கும் ஃபாதர். மத்தியானம் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் மேசையில்தான் சாப்பிடுவார். தன் பங்கில் இருக்கிற இறாலைப் பொறுக்கி என் பக்கம் தள்ளுவார், அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அவரை நான் நண்பர் என்றே நினைத்திருந்தேன். பின்னால் அவர் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

ஒருநாள் அவரே என்னிடம் வந்தார். பல்கலைக்கழகம் புதுப்பாடம் ஒன்றைக் கேட்கிறது, சமய நம்பிக்கையையும் இயற்கையைக் காப்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்றார்.

"நான் வேதத்தைப் பத்திச் சொல்றேன், நீங்க மண்ணைப் பத்திச் சொல்லுங்க டீச்சர். ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தலாம்லா."

அப்படித்தான் நடத்தினோம். கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது காவல் காக்கத்தான், சொந்தக்காரன் ஆக்கவில்லை என்று அவர் சொல்வார். மரத்தை வெட்டிவிட்டால் மலைச்சரிவில் மழை என்ன செய்யும் என்று நான் சொல்வேன். அவர் பேசும்போது நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பேச்சின் மேல்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரம் வருகிறது.

கல்லூரிக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவும் கல்லூரிக்குச் சொந்தம். பழைய ஜாதிக்காய் மரங்கள், சில டுரியான், எனக்கே பெயர் தெரியாத காட்டு மரங்கள். அப்போது தீவெங்கும் மலையைக் குடைந்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவள், கத்தோலிக்கப் பிள்ளை. எதையும் நேராகக் கேட்கிறவள்.

"நம்ம மலையையும் குடுத்துருவாங்களா ஃபாதர்?" என்று கேட்டாள்.

"நான் இருக்கிறப்பவா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

யோசனை சொன்னது நான்தான். எங்கள் ஆட்கள் மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு, மஞ்சள் துணியைச் சுற்றிவிட்டால் போதும். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவன்கூட முனியாண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவான். அதனால், உங்கள் சிலுவைப்பாதையை மலையில் வையுங்கள், மரத்துக்கு ஒரு சிலுவை என்றேன். சாமி இருக்கிற மரத்தில் யார் கை வைப்பான்?

ஃபாதர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நல்ல யோசனை டீச்சர்" என்றார்.

அந்தத் தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பாராங் கத்தியும் மண்வெட்டியுமாக மலை ஏறினார்கள். பட்டினி கிடந்து உழைப்பதும் தவம்தான் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். இந்துப் பிள்ளைகளும் புத்தப் பிள்ளைகளும்கூட வந்து லாலாங் புல்லை வெட்டினார்கள். உடைந்த பெஞ்சுகளின் பலகையில் சிலுவைகள் செய்தார்கள். ஆணி அடிக்கலாம் என்று ஒரு பையன் சுத்தியலோடு வந்தபோது, எஸ்டேட்டுப் பெண் விடவில்லை. மரத்துக்கு நோகும் என்று சொல்லி, எல்லாச் சிலுவைகளையும் கயிற்றால் கட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபாதரும் ஏறி வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாதையை இன்னும் கொஞ்சம் அகலமாப் போடலாமா டீச்சர்? வயசானவங்க வந்தா கஷ்டப்படுவாங்க."

வயதானவர்களை நினைக்கிறாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துபோனது. எங்கே சரிவு குறைவு, எங்கே பாதை போட்டால் மண் சரியாது என்று நானே நடந்து நடந்து குச்சி நட்டுக் காட்டினேன். பிள்ளைகள் அந்தக் குச்சி வழியே வெட்டினார்கள். பெரிய வெள்ளியன்று பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிக்கூட ஆட்கள் வந்தார்கள். கிழவிகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் நின்று பாடினார்கள். நானும் கூடவே நடந்தேன். எந்த மரத்தின் முன்னால் நின்றாலும் என் கை தானாகக் கும்பிட்டது.

ஆண்டுக்கடைசி விடுமுறைக்கு ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கல்லூரி வாசலில் இறங்கியபோது, பின்னால் மலை சிவப்பாகத் தெரிந்தது. புல்டோசர் ஏறியிருந்தது. அதற்கு வேறு வழி தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை. நான் குச்சி நட்ட பாதையில் அடியிலிருந்து உச்சிவரை போயிருந்தது. ஜாதிக்காய் மரங்கள் வேரோடு கிடந்தன, சிலவற்றில் காய்கூட இருந்தது.

பையைக்கூட வைக்காமல் ஃபாதரின் அறைக்குப் போனேன். அவர் எனக்குக் கோப்பி வரவழைத்தார். மலையை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, கல்லூரிக்குப் புதுக்கட்டடம் வேண்டும், மேலே உள்ளவர்கள் முடிவு என்றார். பிறகு, என்னைத் தேற்றுகிறவர்போலச் சொன்னார்.

"சிலுவை ஒண்ணுகூட சேதமாகலை டீச்சர். நானே நின்னு ஜெபம் சொல்லிப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். கயிறுதானே, ஈசியா அவிழ்ந்திருச்சு."

"மரம் ஃபாதர்?"

"மரம் வேற, சிலுவை வேற இல்லையா?"

எங்களுக்கு மரம்தான் சாமி. அவருக்கு அது சிலுவை மாட்டுகிற இடம், அவ்வளவுதான். இத்தனை மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டும் அது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாதா? முனியாண்டி மரத்தைப் பற்றி நான் சொன்னபோது என்னையே பார்த்தாரே, என் மனதில் என்ன இருந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"தவக்காலத்துக்கு முன்னாடியே பேச்சு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஃபாதர் பிள்ளைங்களைப் பாதை வெட்ட விட்டீங்க?"

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்கு அது நல்ல அனுபவம்தானே டீச்சர்" என்றார்.

நான் அந்தக் கோப்பியைக் குடிக்கவில்லை. என் தலையில் மிளகாய் அரைத்தது போகட்டும், ஏமாந்தாலும் தாங்கிக்கொள்கிற வயது எனக்கு. பட்டினி கிடந்து வெட்டின பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தக் கவலைதான் என்னை அன்றைக்கு அரித்தது.

கல்லூரி திறந்த முதல்நாள், வகுப்பு முடிந்ததும் எஸ்டேட்டுப் பெண் மட்டும் பின்தங்கினாள். மற்றவர்கள் வெளியே போகும்வரை நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு முன்னாடியே தெரியும்லா?"

"சத்தியமாத் தெரியாதும்மா."

"ஃபாதர் சொன்னாரு, டீச்சரைக் கேட்டுத்தான் பாதையை அகலமாப் போட்டோம்னு. எந்தப் பக்கம் போட்டா மண்ணு சரியாதுன்னு காட்டினதே டீச்சர்தானாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என்னைக் கேட்டார், நான் காட்டினேன். குச்சி நட்டதை அவளே பார்த்திருக்கிறாள்.

"வயசானவங்களுக்குன்னு சொன்னாரும்மா" என்றேன். என் காதுக்கே அது சாக்குப்போக்காகத்தான் கேட்டது.

"பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அந்தப் பாடத்தை விட்டுவிட்டாள். ஒருநாள் நானும் ஃபாதரும் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது எதிரே வந்தாள். நின்று, "குட் மார்னிங் ஃபாதர்" என்றாள். அவர் சிரித்துத் தலையசைத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஒதுங்கிப் போய்விட்டாள்.