மாமி வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ஹோஸ்டா

ஹோஸ்டா என்ற செடிக்குத் தமிழில் பெயர் கிடையாது. இந்த ஒரு வரியை நான் மூன்று பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. எங்கள் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். மாமியிடம் மழுப்பிச் சொன்னேன். கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அது ஜப்பான், கொரியா, சீனா பக்கத்து நிழல் செடி. பூவைவிட இலைக்காகத்தான் வளர்க்கிறார்கள். வெற்றிலையை இரண்டு மடங்கு அகலமாக்கி, நரம்புகளைக் காம்பிலிருந்து நுனிவரை வில்போல வளைத்து இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இலை. சில வகைகளில் இலை நீலமாகத் தெரியும். நீலம் இலையில் இல்லை, மேலே படிந்திருக்கும் மெழுகில் இருக்கிறது. விரலால் தேய்த்தால் பச்சை வந்துவிடும். முதுகலை தாவரவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு இப்படி ஒரு தகவல் கிடைத்தால் போதும், அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் பிடித்துவைத்துச் சொல்வேன். ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்வரை சொல்வேன்.

என்னைப் பிடித்தாட்டியது அதன் வகைப்பாடு. முதலில் அதை லில்லிக் குடும்பத்தில் சேர்த்தார்கள். பிறகு அதற்கென்று தனியாக ஒரு குடும்பம் கொடுத்தார்கள். பிறகு ஆனைக்கற்றாழையோடு சேர்த்தார்கள். இப்போது தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிற பெருங்குடும்பத்துக்குள் ஆனைக்கற்றாழைக் கிளையில் வைத்திருக்கிறார்கள். நிழலில் வதங்காமல் நிற்கும் ஒரு மெல்லிலைச் செடியும், மம்சாபுரம் பாதையில் வேலியோரம் வெயிலில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழையும் எப்படி உறவாகும்? பார்க்க அதே மாதிரி இருக்கும் சோற்றுக்கற்றாழையோ வேறு குடும்பம். பதில் வேரின் நுனியில் இருந்தது. ஹோஸ்டாவின் செல்லிலும் ஆனைக்கற்றாழையின் செல்லிலும் அறுபது குரோமோசோம்கள். கொஞ்சம் மட்டும் பெரிது, மற்றதெல்லாம் பொடிசு. இலையைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு மைக்ரோஸ்கோப் காட்டிக்கொடுத்த ஒற்றுமை அது.

இரண்டையும் என் கையால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் என் ப்ராஜெக்ட்.

"ஏம்மா, நம்ம செண்பகத்தோப்புக் காட்டுல இல்லாத செடியா? ஜப்பான் செடிதான் வேணுமா?" என்றார் பேராசிரியர்.

"ஒரே ஒரு தொட்டி போதும் சார்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் வார்த்தை கொடுத்தார். இரண்டு செடிகளின் ஸ்லைடும் சரியாக வந்தால், வடக்கே ஓர் ஆய்வகத்தில் சேர எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். வராவிட்டால் என்ன என்பதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அத்தாவுக்குத் தெரிந்த பேண்டேஜ் துணி கம்பெனியில் ஆபீஸ் வேலை. "இம்புட்டுப் படிச்சது போதும்" என்று அத்தா சொல்லியாகிவிட்டது. ஆக, நான் ராஜபாளையத்தை விட்டு வெளியே போவதும் போகாததும் ஒரு செடியின் வேர் நுனியில் தொங்கியது.

முதலில் ஆன்லைனில் விதை வாங்கினேன். நீல ஹோஸ்டா என்று போட்டிருந்தது. முளைத்து வந்தது ஒரு கீரை. அம்மா அதைக் கடைந்து சோற்றில் போட்டாள். பிறகுதான் கொடைக்கானலில் ஒரு நர்சரிக்காரர் மூன்று குருத்து உள்ள உண்மையான ஹோஸ்டாத் தூரை அட்டைப்பெட்டியில் அனுப்பினார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனைக்கற்றாழை வேரை மம்சாபுரம் வேலியிலிருந்து கிள்ளி வந்து ஸ்லைடு போட்டேன். இரண்டாவது முயற்சியிலேயே குரோமோசோம்கள் கண்ணுக்கு முன்னால் சிதறிக் கிடந்தன, அரிசியும் நொய்யும் கலந்து கொட்டியது போல. ஹோஸ்டாதான் கைகொடுக்கவில்லை. அதில் வளர்ந்துகொண்டிருந்த வேர் நுனிகள் நாலைந்துதான், அவற்றை அவசரப்பட்டு வெட்டிப் பாழாக்கினேன். புது வேர் விடட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் வெயில் வந்துவிட்டது. ஆனைக்கற்றாழையின் உறவுதானே, தாங்கிக்கொள்ளும் என்று மாடியில் விட்டிருந்தேன். ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் அப்பளம் மாதிரி கருகின. புது வேர் ஒன்றுகூட வரவில்லை.

ஹோஸ்டாவுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். பல வாரங்கள் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே கிடந்தால்தான் அது விழித்துக் குருத்து விடும். குருத்து விரிந்த பிறகுதான் புது வேர். எங்கள் ஊர்க் குளிர்காலம் என்பது மார்கழி விடியலில் அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு சுற்றிக்கொள்வதோடு சரி. எனக்கு வேண்டியது ஒரு ஃபிரிட்ஜ்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அம்மா மண்ணை விடமாட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமாவுக்குக் கூல்டிரிங்ஸ் கடை. கடையில் கழித்த பெரிய ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் பாதி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. இலைகளைக் களைந்து, தூரை ஈரத் தேங்காய் நாரில் சுற்றி, துளை போட்ட பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனேன். மாமி கவரைத் திறந்து பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக, சணல் தடிமனில் வேர்கள்.

"என்னட்டி இது? பேரு என்ன?"

"ஹோஸ்டா மாமி. தமிழ்ல பேரு இல்ல."

"பேரில்லாததையெல்லாம் சோறு வைக்கிற எடத்துல வைக்கச் சொல்லுத."

கவர் என் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது இது: "தண்ணீர்விட்டான் கிழங்கு தெரியும்ல மாமி? அதுக்கு இது சொந்தம். ரெண்டும் ஒரே குடும்பம். வேரைப் பாருங்களேன், எப்படி இருக்குன்னு."

பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டும் ஒரே குடும்பத்தில் எவ்வளவு தூரத்துக் கிளைகள் என்பதை நான் சொல்லவில்லை. மாமி எதை நினைத்துக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியும். மாமா மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், ஏழு மாதம் முடிந்திருந்தது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பேச்சு. மாமியின் முகம் மாறிவிட்டது.

"அப்படியா? வை வை. கீழ்த்தட்டுல வை. தக்காளிய எடுத்துட்டு வை."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்லூரி முடிந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டும். தூரில் மூன்று மொட்டுகள், பல்லிமுட்டை அளவு, அப்படியே இருக்கும். மாமா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாள்.

"என் பிள்ளைய இப்படி வாராவாரம் பாப்பியா மச்சி?"

"ஒன் பிள்ளைக்கு எத்தனை குரோமோசோம்னு ஏற்கெனவே தெரியுமே."

"போடி, லூசு."

பெண்பிள்ளை பிறந்தது. பால் போதவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், அடிக்கடி வாய் வைக்கவிடுங்கள், தானாக ஊறும் என்றாள். வருகிறவர்கள் எல்லோரும் வேறு வேறு சொன்னார்கள். பிள்ளை அழுகிற அழுகையில் மாமா மகளும் சேர்ந்து அழுவாள். மாமி கிழங்குக்கு அலைந்தாள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து கொண்டுவந்து விற்கும் ஆள், பாரஸ்ட்காரர்கள் தோண்டவிடுவதில்லை என்று கையை விரித்துவிட்டார். கடைப் பொடியில் மாமிக்கு நம்பிக்கை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர்கள் வீட்டுக் கீழ்த்தட்டில் கிடக்கும் வெள்ளை வேர்களோடு இதை நான் சேர்த்து யோசிக்கவில்லை. குளிர் போதுமான நாள் ஆகிவிட்டது, அடுத்த வாரம் வெளியே எடுத்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை லேப் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். மாமி ஒருதடவை அழைத்திருந்தாள். வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கி வா என்பாள், வேறென்ன. திருப்பி அழைக்காமல், இறங்கினதும் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே பாலும் பனங்கற்கண்டும் வெந்த வாசனை. மாமா மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் தம்ளர், பாதி காலி. பிள்ளை மடியில் தூங்கியது. அடுப்பு மேடையில் என் பிளாஸ்டிக் கவர் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"மாமி, கவர்ல இருந்தது..."

"ஒனக்குப் போன் போட்டேனே, எடுக்கல. அம்புட்டையும் போடல. வேரை மட்டும் நறுக்கிப் போட்டேன். ஒனக்கு வேற ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன் ஒங்க மாமாட்ட."

"அது தண்ணீர்விட்டான் இல்ல மாமி."

"நீதானட்டி சொன்ன, அதுக்குச் சொந்தம்னு."

சொன்னேன். சொந்தம்தான். எனக்கு அந்தச் செடியைப் பற்றித் தெரிந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. அதன் குருத்தை ஜப்பானில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நாயும் பூனையும் தின்றால் வாந்தி எடுக்கும். வேரைப் பால் கொடுக்கும் பெண் குடித்தால் என்ன ஆகும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை இப்போதும் என்னால் தாண்ட முடியவில்லை.

"குடிக்காத மச்சி. கீழ வை."

"ஏன்? கசக்குது, ஆனா..." அவள் என் முகத்தைப் பார்த்தாள். தம்ளர் கட்டிலில் சாய்ந்தது.

டாக்டரம்மாவிடம் ஆட்டோவில் போனோம். மாமி பிள்ளையை என் கையில் தரவில்லை. டாக்டரம்மா நேராக என்னிடம் கேட்டார்.

"என்ன செடி?"

"ஹோஸ்டா."

"தமிழ்ல?"

"தமிழ்ல பேரு இல்ல டாக்டர். தண்ணீர்விட்டான் இருக்கிற குடும்பம், ஆனா உள்ளுக்குள்ள ஆனைக்கற்றாழைக் கிளை..."

"குடும்பம் கிடக்கட்டும்மா. அதுல விஷம் இருக்கா, இல்லையா?"

இரண்டு வருஷம் படித்த படிப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "தெரியல" என்றேன். மாமி அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ராத்திரிவரை வைத்திருந்தார்கள். மாமா மகளுக்கு ஒருதடவை குமட்டியது, அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் தாய்ப்பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் பாலாடையில் பவுடர் பால் புகட்ட, பிள்ளை சத்தமில்லாமல் குடித்து முடித்தது. மாமா மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கொடுக்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் மாமி பயந்து இன்னும் இரண்டு நாள் தள்ளினாள். பிறகு பிள்ளை வாய் வைக்கவில்லை. டின் பாலே நிலைத்துவிட்டது.

நறுக்கியதில் மீந்த தூர், மாமி வீட்டுக் குப்பைக்கூடையில் பூண்டுத் தோலுக்கு அடியில் கிடந்தது. இரண்டு மொட்டு நசுங்கியிருந்தது. ஓரத்தில் கத்திக்குத் தப்பிய மூன்று வேர்கள். அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த வீட்டில் அதைக் குனிந்து எடுத்தவள் நான் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் லேபில் அந்த வேர் நுனிகளை ஸ்லைடு போட்டேன். சாயம் நன்றாகப் பிடித்திருந்தது, என் வாழ்க்கையிலேயே சுத்தமான ஸ்லைடு அதுதான். மைக்ரோஸ்கோப்பில் செல்கள் கட்டம் கட்டமாக வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு ஒரு முழு உருண்டை. ஒன்றுகூடப் பிரியவில்லை. பிரிகிற செல்லில்தான் குரோமோசோமை எண்ண முடியும். முழுக்க நகர்த்திப் பார்த்தேன், மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். "தூங்குதும்மா" என்றார். "நல்லாத்தான் குளிர வச்சிருக்க."

தூரைத் தொட்டியில் நட்டேன். பத்து நாளில் அழுகி நாறியது. ப்ராஜெக்டில் ஆனைக்கற்றாழைப் படம் இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் ஹோஸ்டாவின் தூங்கும் செல்கள், கீழே அதற்கு ஒரு விளக்கம். பாஸ் போட்டார்கள். கடிதம் வரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பேண்டேஜ் கம்பெனியில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்காருகிறேன்.

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று எல்லோரும் போனோம். விருந்துக்கு வந்த ஒருத்தி, கிழங்கு விஷயம் கேள்விப்பட்டு, "எந்தப் பிள்ள அது, ஆகாத வேரக் கொண்டாந்து வச்சது?" என்று கேட்டாள். நான் பிரியாணித் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். மாமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க, சின்னப் பிள்ள. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் தக்காளி இருந்தது.