டிக்கியில் கிடந்த தையல் மிஷின்

சபீனா ஆசைப்பட்ட தையல் மிஷினை அவளுக்குத் தெரியாமல் வாங்கிப் பதுக்கியவள் நான்தான். எனக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது!

பிறகு எதற்கு வாங்கினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பொறாமை. வேறென்ன சொல்ல...

பிழைக்க வந்த வளைகுடா நாட்டில், ஈசா டவுனில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் கீழக்கரைக்காரி, என்னைவிடச் சின்னவள். வெள்ளிதோறும் பழைய சாமான் சந்தைக்கு என் காரில் சேர்ந்தே போவோம். வியாழன் மாலையே ஆயத்தம் தொடங்கிவிடும். சாயம்போன சுடிதாரை எடுத்து வைக்கச் சொல்வாள். வளையலைக் கழற்றச் சொல்வாள். "பளபளன்னு போனா பாய்ங்க வெலைய ஏத்திருவாங்கக்கா!" அளவு நாடா, சாமானை ஓட்டிப் பார்க்க எக்ஸ்டென்ஷன் வயர், சில்லறை நோட்டுகள்... எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தவை. அவள் எடுத்தது வருடக்கணக்கில் உழைக்கும். நான் எடுத்தது மறுவாரமே மூச்சை விடும். "சபீனாகிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம்ல?" என்று என் கணவர் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

அப்போது அவள் கணவருக்கு வேலை போயிருந்தது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தால் வாடகைக்காவது ஆகும், பிள்ளைகள் படிப்பை விட்டு ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று நினைத்தாள். நான் வேறு வரிசையில் நின்ற நேரத்தில் ஒரு மிஷினைப் பார்த்து, மன்றாடி விலை குறைத்து, வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வெள்ளி வருவதாகச் சொல்லியிருந்தாள். எந்தக் கடை, என்ன விலை என்று திரும்பும் வழியில் என்னிடம் ஒப்பித்தாள். "ஃபஜ்ர் தொழுதுட்டு விடியவே ரெடியா நிப்பேன்க்கா" என்றாள்.

அந்த வெள்ளி விடிகாலையில் அவளுக்குப் போன் செய்தேன். "தலைவலிடி. எட்டு மணிக்குப் போவோமா?"

"நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. மிஷின் எங்க ஓடிரப் போவுது?"

அப்போது நான் சந்தை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்! கடைக்காரரிடம், "பாய், போன வாரம் வந்தவ என் தங்கச்சி. அவதான் அனுப்பினா" என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். தங்கச்சி! எந்த வாயால் சொன்னேனோ... அவள் பேசி வைத்த விலைக்கே கொடுத்து, டிக்கியில் தூக்கியும் வைத்தார்.

எட்டு மணிக்கு அதே காரில் அவளை ஏற்றிக்கொண்டேன். அவள் மடியில் நூல்கண்டுகள் நிறைந்த பிஸ்கட் டப்பா. வழியெல்லாம் மிஷின் பேச்சுதான். தலைவலியைச் சாக்கிட்டு நான் காரைவிட்டு இறங்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பினாள். "காலையிலேயே வித்து கலாஸாம்க்கா."

"யார் எடுத்தாங்களாம்?" என்று கேட்டேனே... அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்ல!

"யாரோ... எடுத்தவங்க தைச்சுப் பொழைக்கட்டும். நமக்கு நஸீபு இல்ல, குடுத்து வைக்கல." வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏன் வண்டியை நிறுத்தவில்லை? டிக்கியைத் திறந்து "இந்தாடி" என்றிருந்தால் தீர்ந்திருக்குமே! நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே நாட்கள் போயின. அதன்பின் அவள் சந்தைக்கு வரவில்லை. கோடை விடுமுறையோடு குடும்பமே ஊருக்குக் கிளம்பிவிட்டது.

விடைபெற வந்தவள் அந்தப் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.

"வச்சுக்கங்கக்கா. உங்க மிஷினுக்கு ஆகும். பாபின்கூட உள்ள இருக்கு."

உங்க மிஷின்! உன் அக்கா வந்து எடுத்துப் போய்விட்டாள் என்று கடைக்காரர் அன்றே சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்! திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். "போயிட்டு வாறேன்க்கா" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினாள். மன்னிச்சிருடி என்ற ஒரு சொல்... அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை டப்பாவோடு வாசலிலேயே நின்றேன்.

மிஷின் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. விற்கவும் மனம் வரவில்லை, அவளுக்கு அனுப்பவும் துணிவில்லை. வைக்கோற்போர் நாய் என்பார்களே, அது நான்தான்.

வியாழன் மாலையானால் கை பழக்கத்தில் வளையலைக் கழற்றுகிறது. சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மறுபடி போட்டுக்கொள்கிறேன்.