சொடக்கு கேட்காத ஒன்பது வாரங்கள்

முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்யும் அந்தக் கைரோபிராக்டருக்கு வாசலில் பெயர்ப்பலகை இருந்தும், ஊர் வைத்த பெயர் சொடக்கு டாக்டர்தான். முதுகு பிடித்துக்கொண்ட லாரி ஓட்டுநர்களும் தையல்காரர்களும் முனகிக்கொண்டே அவள் மேசையில் குப்புறப் படுப்பார்கள். 'படக்' என்று ஒரு சத்தம். எழுந்து நிமிர்ந்து நடப்பார்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள். சத்தம் வரவில்லையென்றால் வைத்தியமே நடக்கவில்லை.

அப்படி முதுகு நிமிர்ந்த வெல்டர் ஒருவர், மனைவியோடு மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலம் குழந்தைக்குப் பிறவியிலேயே இல்லை. உடம்பு விறைத்திருந்தது. இடது கை செய்வதை வலது கை கண்டுகொள்வதே இல்லை.

டாக்டர் முதலில் குழந்தையின் மூளை மருத்துவரிடம் பேசினாள். "கழுத்துல கையே வைக்கக் கூடாது" என்றார் அவர். அவள் நினைத்ததும் அதுவே. வாரம் ஒருநாள், தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அழுத்தத்தில், முதுகையும் தோளையும் விரல்நுனியால் தொட்டாள். இறுகிய இடம் சற்று இளகும், குழந்தை தூங்கிப்போகும். அவ்வளவுதான். கைப்பயிற்சியெல்லாம் வீட்டில் அம்மாவின் பாடு.

ஒன்பதாம் வாரம் வெல்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு ஒரே இழுப்புல சரிபண்ணீங்க. என் பொண்ண மட்டும் தடவிக்குடுத்து அனுப்புறீங்க. ஒரு சத்தம் கேக்கலையே! கழுத்த ஒருதடவ திருப்பிவிடுங்க. மாட்டேன்னா, பண்றவங்க வேற இருக்காங்க."

டாக்டர் குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். அந்தச் சின்னக் கழுத்து வேறு யார் கையிலாவது சிக்கினால்?

"அண்ணே, உங்க முதுகு பிடிச்சிருந்துச்சு, எடுத்துவிட்டேன். இல்லாத பாலத்த எங்கேருந்து கட்டுவேன்? என்னால இவள குணப்படுத்த முடியாது. ஆனா கழுத்தத் திருப்பினா இருக்கிறதும் போயிடும்."

வெல்டர் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் குனிந்தார்.

குழந்தையின் இடது கை எழுந்து அவர் கன்னத்தைப் பிடித்தது. அது வழக்கம்தான். பிறகு வலது கையும் கிளம்பியது. ஆடியது, வழி தவறி மேசை விளிம்புக்குப் போனது, திரும்பி வந்து மறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அப்பாவின் முகத்தை இழுத்துப் பிடித்துக் குழந்தை சிரித்தது.

"நீங்க பண்ணதா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா. உங்க பயிற்சியா இருக்கலாம். நிஜமா எனக்குத் தெரியல."

பாலமே இல்லாத இடத்தில் எந்த வழியாகச் சுற்றிப்போய் அந்தக் கைக்குச் செய்தி சேர்ந்தது? இருபது வருஷமாக எலும்பும் நரம்புமாகவே வாழ்ந்தவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இவ கழுத்த யாரும் தொட வேண்டாம்" என்றார் வெல்டர், குனிந்தபடியே. மகள் கையை எடுக்கும்வரை அவர் நிமிரவேயில்லை.