மாசாணம் சேர்த்த குழாய்

குழாய் வேலைக்காரர் மாசாணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊட்டியில் முப்பது துரைமார் பங்களாவுக்குக் குழாய் போட்டதாகச் சொல்வார். ஊட்டி பஸ்ஸில் வாந்தி எடுத்து, மலையேறும் வழியில் பர்லியாறிலேயே இறங்கிவிட்ட மனிதர் அவர். சிறுவாணித் தண்ணீர் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் கோயமுத்தூருக்குள் வருகிறது என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் கைவேலை சுத்தம். அதனால் ஊர் பொறுத்துக்கொண்டது.

1967 ஆவணியில் வந்தது வினை. ஆர்.எஸ்.புரத்தில் சுந்தரராஜுலு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் வெளியே இறங்கும் செம்புக் குழாயில் கீழ்ப்பாதி அரித்துப்போயிற்று. அதை வெட்டிவிட்டு, புதிதாக வந்திருக்கும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தச் சொன்னார் அவர். மாசாணம் அதுவரை பிளாஸ்டிக்கில் சீப்பைத் தவிர எதையும் தொட்டதில்லை.

"இதெல்லாம் எத்தனையோ பண்ணிப்போட்டனுங்க," என்றார்.

"அப்பச் சரீங்க. முடியலீன்னாச் சொல்லிப்போடுங்க, பொழுதோட ரசாக்கை வரச்சொல்லிக்கலாம்."

ரசாக் பெயரைக் கேட்டதும் மாசாணம் அவசரமாகக் குழாயைக் கையில் எடுத்தார். அவருடைய புளுகு ஒன்றையாவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பத்து வருஷமாகக் காத்திருக்கும் குழாய்க்காரர் ரசாக்.

செம்பும் பிளாஸ்டிக்கும் ஒரே அகலம். ஒன்றுக்குள் ஒன்று போவேனா என்றது. செம்பு என்றால் நெருப்புக் காட்டி ஈயத்தால் பற்றவைத்துவிடுவார். இதற்கோ, நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சணலைச் சுற்றினார், சைக்கிள் டியூபைக் கட்டினார். மூன்று முறை வாளித் தண்ணீர் ஊற்றியும் பாதி சுவரில்தான் இறங்கியது.

வீட்டுக்கார அம்மாள் ரங்கநாயகி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாசாணம், பூசை போட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

"அதானுங்க ஒட்ட மாட்டீங்குது!"

கிணற்று மோட்டாருக்கே பூசை போடாமல் சுவிட்சைத் தொடாத குடும்பம் அது. அம்மாள் பிளாஸ்டிக் குழாயைச் செங்கல்மேல் கிடத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, அதன் வாய்க்கு நேர் கீழே ஒரு கை சூடத்தைக் குவித்துக் கொளுத்தினார். வேண்டாமென்று சொல்ல மாசாணம் வாயெடுத்தார். அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறவரை எப்படித் தடுப்பது?

குழாயின் வாய் வெந்த கொழுக்கட்டையாகத் தளர்ந்தது. வாங்கி வந்த அன்றே குழாயைக் கெடுத்த பெயர் யாருக்கு வரும்? அம்மாள் கண் திறப்பதற்குள் மறைத்துவிட வேண்டும். சாக்கைச் சுற்றி அதைத் தூக்கிய மாசாணம், அவசரத்தில் மேலே தொங்கிய செம்பின்மீதே மாட்டி அமுக்கினார். வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆறியதும் கப்பென்று கவ்விக்கொண்டது. வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூடச் சுவரில் இறங்கவில்லை.

பிளாஸ்டிக் குழாய் சேர்ந்துவிட்ட சேதி கேட்டு, சாயங்காலம் ரசாக் வந்தார். தட்டினார், தடவினார், தலையைச் சொறிந்தார்.

"எப்படிண்ணே சேர்த்தீங்க?"

மாசாணத்துக்கு உயிர் திரும்பிவந்த சந்தோஷம். ஜன்மத்தில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

"எனக்கு ஒரு எழவும் தெரியலீங்க. அம்மா சூடத்தைக் கொளுத்துனாங்க, குழாய் எளகிப்போச்சு. பயத்துல மேல சொருகிப்போட்டனுங்க."

"சொல்ல இஷ்டமில்லேன்னா விட்டுருங்கண்ணே. அதுக்குன்னு இப்படியா புளுகறது!"

"ஆத்தா மேல சத்தியமுங்க! வேணும்னா அம்மாளையே கேளுங்க."

ரங்கநாயகி சிரித்தார். "குழாயாவது எளகறதாவது! சாமி சேத்துவெச்சுதுங்க."

ரசாக் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாசாணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லி ஒருநாளும் அவர் இப்படி அவமானப்பட்டதில்லை.